நாற்பது விநாடி வீடியோவில் நாய் சொன்னது

"இதப் பாருங்க டாக்டர், எவ்வளவு பாசம்னு!" என்று அந்த அப்பா போனை என் பக்கம் நீட்டினார். அவர்கள் வந்த விஷயம் வேறு. பிரௌனிக்கு ஆறு வயது, லாப்ரடார். குடும்பத்தோடு கேம்பிங் போய்த் திரும்பிய இரண்டு நாளாக ஒரே வாந்தி, எதையும் தின்பதில்லை. ஒரு கையால் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே வீடியோவைப் பார்த்தேன்.

முதலில் வயிற்றுக் கதையை முடித்துவிடுகிறேன். ஸ்கேனில் குடலில் அடைப்பு தெரிந்தது. திறந்து பார்த்தால், ஊறிப் பெருத்த டயாப்பர் பஞ்சும் ஜெல்லும், கூடவே கொஞ்சம் பிளாஸ்டிக் கிழிசலும். வீட்டில் மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கிறது. முகாமில், அழுக்கு டயாப்பரை ஒரு கவரில் சுற்றிக் கூடார வாசலில் வைத்திருக்கிறார்கள். நாய்க்கு அந்த வாசனை அலாதிப் பிரியம். டயாப்பருக்குள் இருக்கும் ஜெல் ஈரத்தை உறிஞ்சிப் பல மடங்கு ஊதக்கூடியது. அதைத்தான் அது விழுங்கியிருக்கிறது. இறுக்கி மூடும் ஒரு டப்பாவோ, காருக்குள் ஒரு மூலையோ இருந்திருந்தால் ஓர் அறுவை சிகிச்சை மிச்சம். பிரௌனி பிழைத்துக்கொண்டது.

ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது அந்த வீடியோதான்.

மொத்தமே நாற்பது விநாடி. கூடாரத்துக்குள் விளக்கு வெளிச்சம். ஒன்பது மாதக் குழந்தை தவழ்ந்து வந்து, படுத்திருக்கும் நாயின் பின்தொடையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறது. பின்னால் பெரியவர்களின் சிரிப்பு. நாய் என்ன செய்கிறது? அதுவரை திறந்திருந்த வாயைப் பட்டென்று மூடுகிறது. முகத்தை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. ஆனால் கண் மட்டும் குழந்தையின் மேலேயே இருக்கிறது, வெள்ளை விழி பிறை போலத் தெரிகிறது. நாக்கு ஒருமுறை மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகிறது. ஒரு பெரிய கொட்டாவி. அப்புறம் உடம்பு அப்படியே விறைத்து நிற்கிறது. அந்த இடத்தில் வீடியோ முடிந்துவிட்டது.

"கொட்டாவி விடறான், தூக்கம் வருதுன்னு நெனச்சோம்" என்றார் அம்மா. தூக்கமில்லை. தனக்குப் பிடிக்காததை நாய் படிப்படியாகச் சொல்லும் வரிசை அது. அடுத்த படி உறுமல், அதற்கடுத்த படி கடி. உறுமினால் அதட்டி அடக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுமல் நமக்குக் கிடைக்கும் இலவச எச்சரிக்கை. அதை அடக்கினால், அடுத்த முறை நாய் அந்தப் படியைத் தாண்டிவிடும். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது தெருநாய் மட்டும்தான் என்று நினைக்கிறோம். நிஜத்தில் பழகிய நாய்களும் கடிக்கின்றன. குழந்தையின் தலை நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் கடி விழுவதும் முகத்திலும் கழுத்திலும்தான்.

வீட்டில் இதே குழந்தை இதே நாயை இழுத்துப் பிடித்ததுண்டாம், ஒன்றும் ஆனதில்லையாம். நம்புகிறேன். வீட்டில் நாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும். கூடாரத்தில் அடுத்த அறை கிடையாது, வாசலில் ஜிப் வேறு போட்டிருக்கிறது. நாளெல்லாம் கார்ப் பயணம், புது இடம், புது வாசனை, வெளியே என்னென்னவோ சத்தம் என்று நாய் சோர்ந்துபோயிருக்கும். வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம்கூடத் தூங்கும் பிராணி, முகாமில் பாதிகூடத் தூங்காது. நான்கு சுவருக்குள் பார்த்த குணத்தை வைத்து அங்கே கணக்குப் போடக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. குழந்தை ஊன்றியது பின்தொடையில் அல்லவா? தையல் பிரித்த பிறகு இடுப்பைத் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். பிரௌனி சட்டென்று என் கையைத் திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டுத் தேய்மானம். ஏறி இறங்கி நடந்த நாளின் இரவில் அந்த மூட்டு எப்படி வலித்திருக்கும்! வலியுள்ள நாய் நொண்டியே ஆக வேண்டும் என்பதில்லை. படுத்தால் மெதுவாக எழும், காரில் தாவ யோசிக்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். ஆகவே கேம்பிங் போகும் முன் நாயை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் சொல்வது தடுப்பூசிக்காக மட்டுமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். எல்லாரும் இரவைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் மோசமான நேரம், போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரம். இரண்டு பெரியவர்களின் கையும் கூடாரத்துணியில் இருக்கும். குழந்தை காரில் அடைந்து கிடந்த எரிச்சலில் அழும். நாயை ஏதோ ஒரு மரத்தில் நீளக் கயிறு விட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறு குழந்தையின் காலைச் சுற்றி, நாய் ஓர் அணிலைப் பார்த்து ஓடினால் என்ன ஆகும்? தோல் உரிந்து வந்த குழந்தையை எனக்குத் தெரியும். எனவே ஒருவர் கூடாரம் அடிக்கட்டும், நேரம் ஆனால் ஆகட்டும். மற்றவர் கையில் குழந்தை. நாய் குட்டைக் கயிற்றில், நிழலில், பக்கத்தில் தண்ணீரோடு. ஆள் மாறும்போது "இப்போ நீ பாரு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவருமே மற்றவர் பார்ப்பதாக நினைத்த நேரத்தில் நடந்த விபத்துக் கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

"நாயையும் குழந்தையையும் ஐந்து நிமிஷம் காரிலேயே விட்டுவிட்டு வேலையை முடித்துவிடலாமே" என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சூடு பத்து டிகிரி செல்சியஸ் வரை ஏறும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறு எங்கும் சொல்லும்படி வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்கிறது. கைக்குழந்தையின் உடம்பும் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும்.

இரவில் குழந்தையும் நாயும் ஒரே படுக்கையில் வேண்டாம். குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான தனி இடம், மல்லாக்கப் படுக்கை. காற்றடைத்த மெத்தை கைக்குழந்தைக்கு ஆகாது. நாய்க்கு அதன் வீட்டுப் பாயையே கொண்டுபோங்கள், பழகிய வாசனையே அதற்குப் பாதி வீடு. குளிருக்காக அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுவருவது உயிரோடு விளையாட்டு. தணல் அணையும் நிலையில்கூடக் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே இல்லை. வேகமாக மூச்சுவிடும் குழந்தையையும் நாயையும்தான் அது முதலில் தாக்கும்.

உண்ணிக்கு நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்தைக் கிளம்பும் காலையில் விடாதீர்கள். அன்று முழுக்கக் குழந்தையின் கை அங்கேதான் போகும், பிறகு வாய்க்கு. இரண்டு மூன்று நாள் முன்பே விட்டுக் காய விடுங்கள். மாத்திரை கொடுத்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தினமும் மாலையில் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்த உண்ணியைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம். குழந்தையின் தலைமுடிக்குள்ளும் அதே சோதனை. குழந்தைக்குப் பூசும் பூச்சிவிரட்டி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்தது கூடாது என்பது மட்டும் எனக்கும் தெரியும்.

குழந்தைக்குக் குடற்புழு நம் நாயிடமிருந்துதான் வரும் என்ற பயத்துக்கு ஒரு சின்னத் திருத்தம். நாயின் மலத்தில் வரும் உருளைப்புழு முட்டை அன்றே தொற்றாது, மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்து பக்குவப்பட வேண்டும். அதனால் தவழும் குழந்தைக்கு ஆபத்து உங்கள் நாயிடமிருந்து வருவதைவிட, போன மாதம் அங்கே வந்துபோன நாய்களிடமிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம். விரிப்பு போடுங்கள், கையைக் கழுவிவிடுங்கள். உங்கள் நாய் போட்டதை அள்ளிவிடுங்கள், அடுத்து வரும் குழந்தைக்காக.

மீறிப் பல் பட்டுவிட்டால், சின்னக் கீறல்தானே என்று இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பது மருத்துவருக்கு உதவும் தகவல். போகாமல் இருக்கக் காரணமில்லை. தடுப்பூசி அட்டையின் படம் ஒன்று போனில் இருக்கட்டும்.

சில நாய்களை விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறேன். இடிச் சத்தத்துக்கு நடுங்குபவை, கண் மங்கிய கிழடுகள், குழந்தை வந்த பிறகு இன்னும் பழகி முடிக்காதவை. வீட்டில் ஒருவரோடு அவை சந்தோஷமாகவே இருக்கும். குற்றவுணர்ச்சி நமக்குத்தான்.

பிரௌனிக்கு வலி மாத்திரையும் எடைக் குறைப்பும் எழுதிக்கொடுத்தேன். நான்கைந்து மாதம் கழித்து மறுபடி போனார்கள். நாயின் பாய் கூடாரத்தின் ஓர் ஓரத்தில், நடுவே மடிப்புத் தடுப்பு, அந்தப் பக்கம் குழந்தை. அப்பா அங்கிருந்தே வீடியோ அனுப்பினார். பிரௌனி ஒருக்களித்துப் படுத்து, நான்கு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "ஒண்ணுமே நடக்கல டாக்டர், சும்மாதான் அனுப்பினேன்."