உறவுக்குள் தந்திரம் எப்படி வந்தது?

2023 மார்ச்சில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸ் தைவானைக் கைவிட்டுச் சீனாவின் பக்கம் போனது. 'தைவானுடனான இராஜதந்திரத்தை ஹோண்டுராஸ் முறித்துக்கொண்டது' என்று ஒரு செய்தியில் வாசித்தார்கள். அந்த முறிப்பே இராஜதந்திரம்தானே ஐயா!

இராஜதந்திரம் என்று நாம் மொழிபெயர்க்கும் 'டிப்ளமசி'யின் வேர் டிப்ளமா. கிரேக்கத்தில் அதற்கு இரண்டாக மடித்தது என்று பொருள். அரசு தரும் மடித்த ஆவணத்துக்கு அப்பெயர் வந்து, பிரெஞ்சு வழியாக நாடுகளின் உறவைக் குறிக்கலாயிற்று. அவ்வளவுதான். நரித்தனம் எதுவும் இல்லை.

தந்திரம் வடமொழியில் நூல், முறை என்றும் பொருள்படும். திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்கள் அப்படி வந்தவை. ஆனால் இன்று யாரையாவது 'தந்திரக்காரர்' என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். ஹோண்டுராஸ் இறால் தைவானுக்கு வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உறவு முறிந்தபின் வரி விழுந்தது, ஏற்றுமதி சரிந்தது. அந்தப் பண்ணைக்காரர் இழந்தது தந்திரத்தையா, உறவையா?

தந்திரத்தைக் கழற்றிவிட்டு 'ராஜீய உறவு' என்பாரும் உண்டு. ஹோண்டுராஸில் ராஜா எங்கே இருக்கிறார்?

சரி, நம் நாளிதழ்களின் 'தூதரக உறவு'? இதுதான் எனக்கு அதிக எரிச்சல். தூதரகம் ஒரு கட்டடம், ஓர் அலுவலகம். விசா தருவது, அங்கிருக்கும் தன் குடிமக்களுக்கு உதவுவது போன்றவற்றைக் கவனிக்கும் கான்சல் அலுவலகத்தையும் துணைத் தூதரகம் என்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு உறவு. 1961இல் அரசுகளுக்கிடையேயான டிப்ளமசி உறவுக்கும் 1963இல் கான்சல் உறவுக்கும் வியன்னாவில் தனித்தனி ஒப்பந்தம் போட்டார்கள். முதலாவது முறிந்தால் இரண்டாவதும் தானாக முறிந்துவிடாது என்று 1963 ஒப்பந்தமே சொல்கிறது. பிரிட்டன் 1950இலேயே தைவானை விட்டு மக்கள் சீனத்தை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் தைவானின் தம்சுய் நகரில் அதன் கான்சல் அலுவலகம் 1972 வரை திறந்திருந்தது. இதை 'தூதரக உறவு' என்ற ஒரே சொல்லை வைத்து எப்படி எழுதுவீர்கள்? சென்னையில் தைவானுக்கு இருப்பதும் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்தான். பெயரில் 'தூதரகம்' கிடையாது, ஆனாலும் விசா வேலை நடக்கிறது.

'தூதுறவு' போதும். வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் போனதும் தூதுதான். (அவர் பேச்சில் தந்திரம் நிறையவே இருந்தது, அது வேறு கதை.) மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டாமல், அங்கே முறிந்தது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தால் இந்தச் சொல் தானாக வரும்.

'தைவானுடன் தூதுறவை முறித்தது ஹோண்டுராஸ்.' தலைப்பில் இடமும் மிச்சம்.