"சாரே, இது தங்கம்தானே?"

போன மாதம் குலசேகரம் பக்கமிருந்து ஒருவர், பழைய கல்குவாரியில் பொறுக்கிய கல்லைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். "சாரே, தங்கம்தானே? யாரிட்டயும் சொல்லல்ல."

கறுத்த பாறையில் கடுகளவு மஞ்சள் மினுக்கம். ஒரு மணியை நெம்பி எடுத்து, டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தேன். கோடு கறுப்பாக விழுந்தது. தங்கம் என்றால் மஞ்சளாக விழும். இது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நிலவியல் படித்த பாவத்துக்கு வருஷத்துக்கு நாலைந்து முகங்களை இப்படி வாட வைக்கிறேன்.

நம்மூர்க் கறுத்த பாறையான சார்னகைட்டில் இது அங்கங்கே தூவிய மாதிரிதான் இருக்கும். நரம்பு நரம்பாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் இங்கிலாந்தின் கார்ன்வால் கதையைச் சொன்னேன். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கீழிருந்து கிரானைட் குழம்பு ஏறி வந்து ஆறியது. அதிலிருந்து கிளம்பிய சூடான திரவங்கள் பாறை வெடிப்புகளில் செம்பு, துத்தநாகம், ஆர்சனிக், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவோமே அந்த வெள்ளீயம் என்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போயின. பெரும்பாலும் மேலே செம்பு, ஆழத்தில் வெள்ளீயம். டோல்கோத் சுரங்கத்தில் செம்பு தீர்ந்துவருகிறதே என்று இன்னும் கீழே போனவர்களுக்கு வெள்ளீயம் கிடைத்தது. லெவன்ட் சுரங்கமோ கடலுக்கடியிலேயே நீண்டது. 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் அறுந்து 31 பேர் செத்தார்கள். 1930இல் அதை மூடினார்கள்.

1985இல் வெள்ளீய விலை படுத்தது. மிச்சமிருந்தவையும் தள்ளாட, வீல் ஜேன் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு, உள்ளே ஊறும் தண்ணீரை இறைத்த பம்பும் நின்றது. அப்புறம்தான் வினை. காற்றுப்பட்ட பைரைட் மாதிரிக் கந்தகக் கனிமத்தில் தண்ணீர் சேர்ந்தால் அமிலம், அந்த அமிலம் மற்ற உலோகங்களையும் கரைக்கும். மெல்ல ஏறிய தண்ணீர் 1992 ஜனவரியில் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. 4 கோடி லிட்டருக்கும் மேல். ஆறும் கழிமுகமும் ஆரஞ்சு நிறமாகிவிட்டன.

"அப்போ நம்ம குவாரித் தண்ணி?" என்றார். இங்கே அந்த அளவுக்கு அமிலம் வராது, எனக்கு அதைவிடப் பயம் வேறு. கைவிட்ட குவாரியில் கரை சரிவாக இருக்காது, சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். முதல் அடியிலேயே ஆழம், பிடித்து ஏற விளிம்பு கிடையாது, அடியில் எங்கே பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. லீவு விட்டால் பயல்கள் அதில்தான் குதிக்கிறார்கள். குளத்தில் நீந்தத் தெரிந்தது இங்கே உதவாது.

வாழைக்கு அந்தத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்கலாமா என்று கேட்டார். ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அமிலத்தன்மையும் உலோகங்களும் பார்க்கச் சொல்லுங்கள், குடிக்க மட்டும் வேண்டாம் என்றேன். சரி என்று எழுந்தார். கல்லை இந்த முறை துண்டில் பொதியவில்லை, சும்மா சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.