இரண்டாவது தீபாவளி

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவு காற்றாடும். கூட்டமெல்லாம் அதற்கு அடுத்த வாரம்தான். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று வருவார்கள். பண்டிகையைப் பற்றி யாரும் தாமாக வாய் திறப்பதில்லை. நாம் கேட்டால்தான், "அதை ஏன் கேக்குறீங்க டாக்டர்" என்று ஆரம்பிக்கும்.

இவர்களில் ஒரு பகுதியினர், வீட்டில் சாவு நடந்து ஒரு வருஷம் தாண்டியவர்கள். முதல் வருஷம் இவர்களை அதிகம் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை. பலகாரத்தைச் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தினரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போனவரைப் பற்றிப் பேசுவார்கள். அழுதால் யாரும் தடுக்கமாட்டார்கள். துக்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

வருஷத் திவசம் முடிந்ததும் இந்த விலக்கு போய்விடுகிறது. இரண்டாவது தீபாவளிக்கு, "அதான் வருஷம் திரும்பிடுச்சே, இனிமே எல்லாத்தையும் செய்யணும்" என்கிறார்கள். பலகாரத் தூக்கு வருவதில்லை. உட்கார்ந்து பேசவும் ஆளில்லை. மனசுக்குள் மட்டும் எதுவும் திரும்பியிருப்பதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் இறந்து ஒன்றரை வருஷம், ஒரே மகன் நியூஜெர்சியில். தீபாவளி அன்று விடியற்காலை வீடியோ காலில் வந்துவிட்டான். அவனுக்கு அப்போது முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்து வீடு திரும்பிய நேரம். மருமகள் ஆன்லைனில் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு, குளித்தாயிற்று, சாமி கும்பிட்டாயிற்று என்று அம்மா சிரித்தபடி பேசியிருக்கிறார். "போனை வெச்சதும் பழைய சேலைக்கு மாறிட்டேன் டாக்டர். அதை மடிப்புக் கலையாம பீரோவுல வெச்சாச்சு. இனி அவன் பொங்கலுக்குக் கூப்பிடும்போது கட்டிக்கலாம்ல" என்றார். வெந்நீர் அடுப்பு அன்று மூட்டவே இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்து அதை மூட்டுவது, நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சுவது எல்லாம் கணவரின் வேலையாக இருந்திருக்கிறது.

நம் பண்டிகைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. எண்ணெய் காய்ச்ச ஒருவர், தலையில் வைக்க ஒருவர், துணிக்கு மஞ்சள் தடவ ஒருவர், முறுக்கு பிழிய ஒருவர். ஆள் போனது அந்த வேலை நடக்காதபோதுதான் உறைக்கிறது. போனவருடைய வேலை நிற்பது பாதி. அவருக்காக நாம் செய்துவந்த வேலை நின்றுபோவது மீதி. அதனால் "தைரியமா இருங்க" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேலையை மறுபடி பங்கு பிரிக்கச் சொல்கிறேன்.

அந்த மகனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடாமல், முதல் நாளே கூப்பிட்டு லேகியம் கிளறும் வேலையில் அம்மாவை உட்காரவைக்கச் சொன்னேன். அவன் அங்கே சுக்கும் கண்டந்திப்பிலியும் ஓமமும் அரைத்து வெல்லப்பாகில் கொட்ட, இவர் இங்கிருந்து, "தீயைக் குறைடா, அடி பிடிக்குது பாரு, நெய்யை இப்ப ஊத்து" என்று ஒரு மணி நேரம் அதட்டியிருக்கிறார். மாத்திரையும் கொடுத்தோம். எடை குறைந்திருந்தது, தூக்கம் கெட்டிருந்தது. அதட்டல் மட்டும் போதும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்த பெண்ணைத் துணிக்கு மஞ்சள் வைக்கவும், பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்கவும் விடாமல் ஓரமாக உட்காரவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. படித்த வீடுகள்தான். பத்துப் பேர் இருக்கும் கூடத்தில் ஒருவரைத் தனிமைப்படுத்த வேறு எதுவும் தேவையில்லை. இதைச் சம்பிரதாயம் என்கிறவர்களிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் "ஆச்சிதான் தலையில எண்ணெய் வைக்கணும்" என்று அடம் பிடித்த வீடுகளில் காரியம் சுலபமாக முடிந்தது.

மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குத் தீபாவளியில் இன்னொரு சங்கடம், அந்த நேரம். இந்த நோயில் பலருக்கு மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். நாளின் மிக மோசமான பொழுது அதுதான். வெயில் ஏற ஏறச் சற்றுத் தெளியும். நம் பண்டிகையோ சரியாக அந்த நேரத்தில் வெடிச்சத்தத்தோடு தொடங்குகிறது. இப்படிப்பட்டவர் எழுந்து வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். எண்ணெய்க் குளியலைப் பத்து மணிக்கு வைத்துக்கொண்டால் நரகாசுரன் ஒன்றும் எழுந்துவரப் போவதில்லை.

மனைவியை இழந்த ஆண்கள் தங்கள் துக்கத்தைப் பெரும்பாலும் டாஸ்மாக்கில் தீர்க்கப் பார்க்கிறார்கள். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். மறுபடி அதே மூன்று மணி. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர், குடிக்க வேண்டும் என்பதற்காக அன்றைய மாத்திரையை நிறுத்துவது இன்னும் மோசம். ஊரில் சொந்தக்காரர் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை எடுத்துப்போகாமல் விடுவதும் நடக்கிறது. சாதாரண டப்பாவில் மாற்றிப் போட்டு எடுத்துப்போங்கள்.

லீவு கிடைக்காமல் சென்னையில் தங்கிவிடும் பிள்ளைகளின் கஷ்டம் வேறு மாதிரி. மாஸ்டர்கள் ஊருக்குப் போய்விடுவதால் மெஸ்கள் இரண்டு மூன்று நாள் பூட்டிக்கிடக்கும். பிஸ்கட்டும் டீயுமாக அறையில் படுத்துக்கொண்டு ஊர்க்காரர்களின் ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள். உங்கள் மாடியில் அப்படி ஒரு பையன் இருந்தால் வாழ்த்தோடு நிறுத்தாமல் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

"வருஷம் தாண்டியும் அழறாங்களே, இது வியாதியா?" என்று வீட்டார் கேட்பதுண்டு. பண்டிகை நாளில் அழுவது வியாதி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு, பிடித்த எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுவது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். இழப்பின் ஏக்கம் மாதக்கணக்கில் அனேகமாகத் தினமும் வாட்டி, அன்றாட வேலையையே முடக்கினால் அதற்கும் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல் அதற்கு 6 மாதத்தை எல்லையாக வைத்திருக்கிறது. வயதானவர்கள் மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். உடம்பு வலி, மறதி என்றுதான் சொல்வார்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் சொன்னால், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலர் கேட்டவுடன் ஆறுதலாக அழுகிறார்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் (14416) 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண் இருக்கிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, "தீபாவளிக்குள்ள சரியாகிடுமா?" என்று கேட்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். போன வருஷம் இந்த நாட்களில் வீட்டில் யாராவது சுருண்டு கிடந்திருந்தால், ஆயுத பூஜைக்கு முன்பே கூட்டிவந்துவிடுங்கள்.