சதுப்பைத் தொடாமலே சாகடிக்கலாம்

மலைச் சரிவில் சதுப்பு ஆய்வுக்குப் போனால், கூட வருபவர்கள் தவறாமல் கேட்பது: "இந்தச் சேற்றுக்கா இத்தனை பாடு?" ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துப் பிழியச் சொல்வேன். மேலாக எடுத்ததென்றால் தெளிந்த நீர் வடியும். பாசியின் இலைகூட அப்படியே தெரியும். ஆழத்தில் எடுத்ததென்றால் விரலிடுக்கில் கருங்குழம்பாகப் பிதுங்கிவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்வீடன் நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் இந்தப் பிழிவை வைத்தே மட்கிய அளவை 1 முதல் 10 வரை தரம் பிரித்தார். களத்தில் இன்றும் அதுதான்.

இந்தச் சேறுதான் பீட், அதாவது முழுக்க மட்காத செடி. நீர் தேங்கினால் ஆக்சிஜன் உள்ளே போகாது. குளிரும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். மட்காமல் மிஞ்சியது பெரும்பாலும் ஆண்டுக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை சேரும். அப்படியானால் ஒரு மீட்டருக்கு ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள்!

மலையில்தான் தண்ணீர் ஓடிவிடுமே? பனியாறு குடைந்த பள்ளம், நிலச்சரிவு மறித்த ஓடை, சரிவிலேயே ஊற்று கசியும் இடம் – இங்கெல்லாம் நிற்கும். தூர்ந்த ஏரியில் துளைக்கருவியை இறக்கினால் அடியில் ஏரிக் களிமண், மேலே கோரை வேர், அதற்கும் மேலே ஸ்பேக்னம் பாசி என்று வரும். இந்தப் பாசி தன் உலர் எடையைப் போல் இருபது மடங்குவரை நீர் பிடிக்கும், சுற்றுப்புறத்தை அமிலமாக்கும். படிவம் உயர உயர ஊற்றுநீர் எட்டாமல் போய், மழையை மட்டுமே நம்பி வாழத் தொடங்கும். ஆண்டீஸ் உயரங்களில் பீட் சேர்க்கும் வேலையை மெத்தைபோல் இறுகி வளரும் டிஸ்டிக்கியா செடி பார்க்கிறது.

செங்குத்துச் சரிவில், மழையை மட்டுமே நம்பும் அந்த மாற்றம் பெரும்பாலும் நடப்பதில்லை. கடைசிவரை கசிவுநீர்தான் சோறு போட வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நான் பார்த்த ஓரிடத்தில் சதுப்புக்குள் யாரும் கால்கூட வைக்கவில்லை. மேலே பாதைக்காக வெட்டிய முழங்கால் ஆழ வாய்க்கால் கசிவை வேறு பக்கம் திருப்பிவிட்டது, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் மேற்பரப்பு பாளம்பாளமாக வெடித்தது. குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். மண் குடிக்கவில்லை, நீர் முத்துமுத்தாக உருண்டோடியது. அப்படிக் காய்ந்த பீட்டுக்குள் காற்று நுழைந்தால் சேர்த்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனலும். உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்களில், காடுகளின் மரஞ்செடிகள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகக் கரிமம் இருக்கிறது.

வாய்க்காலைப் பலகை வைத்து அடைத்தோம். நீர்மட்டம் ஏறியது. கோரை எட்டிப் பார்க்கிறது. பாசி இன்னும் வரவில்லை.