உது என்ன? இரண்டு புதியவர்கள் பேசிப் பழகும்போது நடப்பது

வெள்ளவத்தையில் கீழ்வீட்டு அக்காவும் நானும் பின்னேரத்தில் ஜப்பானிய மொழி பேசிப் பழகுகிறோம். இருவரும் எழுதப்போவது என்5, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் பரீட்சையின் தொடக்க நிலை. அதில் பேச்சுப் பகுதியே இல்லை. "ரெண்டு பேருக்கும் தெரியாத பாஷையை ரெண்டு பேரும் பேசி என்ன பிரயோசனம்?" என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

போன கிழமை என் கையிலிருந்த திறப்பைக் காட்டி அக்கா கேட்டார்: "சொரெ வ நன் தெஸ் க?" உது என்ன? சொல் நுனிநாக்கில் நிற்கிறது, வெளியே வரவில்லை. அக்காவுக்கும் மறந்துவிட்டது. கதவு, திற என்று தெரிந்த சொற்களால் சுற்றிச் சுற்றி வந்தேன். அரை நிமிடம் கழித்துத்தான் வந்தது: ககி.

அந்த அரை நிமிடத் தேடலில்தான் சொல் மனதில் பதிகிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களுக்குச் சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்: படித்தவர்களிடம் 42 வீதம், எழுதியவர்களிடம் 56 வீதம் மிஞ்சியிருந்தது. நினைவிலிருந்து ஒன்றை இழுத்தெடுக்கும்போது அதற்குப் போகும் வழி பலப்படுகிறது. கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரிந்ததுபோல ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான்.

சரி, அதைத் தனியாகவே செய்யலாமே? செய்யலாம். ஆனால் எதிரில் ஆள் இருந்தால் தப்ப முடியாது. 1985இல் வரோனிஸ், காஸ் என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்பவர்களின் உரையாடல்களை ஆராய்ந்தார்கள். தாய்மொழியாகப் பேசுபவரோடு பேசியதைவிட, கற்பவர்கள் தங்களுக்குள் பேசியபோது "என்ன சொன்னீர்கள்?", "இப்படியா?" என்று நிறுத்திச் சரிபார்த்தது அதிகம். கூச்சம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜப்பானியர் ஒருவர் முன்னால் தலையாட்டிவிடுவேன். அக்காவிடம் அது நடக்காது.

தமிழர் இருவர் சேர்ந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கொரெ, சொரெ, அரெ என்ற மூன்றையும் விளக்கப் பாடநூல்கள் படம் போடுகின்றன. நமக்கு இது, உது, அது போதும். கேட்பவர் பக்கத்தில் இருப்பதற்கு யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறதே! 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பதும் பார்ப்பதுதான். இதை அக்கா சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே தமிழ்தான் ஓரிடத்தில் காலை வாரியது. திறப்புக்கான சொல்லில் நடுவில் வருவது மெல்லிய ஒலி, 'பகல்' என்பதில் வரும் 'க' போல. அதே இடத்தில் 'பக்கம்' என்பதில் வரும் வல்லொலியை வைத்தால் சீமைப் பனிச்சைப் பழம். இரண்டையும் நாங்கள் 'ககி' என்றே எழுதி, ஒரே மாதிரிச் சொன்னோம். 'கக்கி' என்று எழுதினாலும் சரிவராது. ஒற்று இரட்டித்தால் ஜப்பானிய மொழியில் அது வேறு சொல், உற்சாகம் என்று பொருள். சிங்களத்தில் இந்த இரு ஒலிகளையும் நாங்கள் குழப்புவதில்லை. பிரச்சினை காதில் இல்லை, கொப்பியில் இருந்த தமிழ் எழுத்தில். என் பிழை அக்காவின் பிழையும் ஆனதால் மாதக்கணக்கில் ஒருவரும் திருத்தவில்லை. ஒலிப்பதிவு ஒன்றை மெதுவாக ஓடவிட்டபோதுதான் பிடிபட்டது.

அன்றோடு தமிழில் எழுதுவதை நிறுத்தி ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துக்கு மாறினோம். அதில் மெல்லொலிக்கு எழுத்தின் மேல் வலப்பக்கம் இரண்டு சிறு கோடுகள் வரும். அக்கா அவற்றைச் சிவப்புப் பேனையால் போடுகிறார். இப்போது பழகி முடிந்ததும் இருவரும் கைபேசியில் பேசிப் பதிந்து, ஜப்பானியர் குரலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறோம்.