சிரிஞ்சைக் கழற்றும் நொடி

மருந்து ஏற்றும் முன்னும் பின்னும் கேனுலாவில் (ரத்தநாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) வெறும் உப்புநீரை எதற்குச் செலுத்துகிறார்கள், அதுவும் விட்டு விட்டு? வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அது 0.9 சதவீத சலைன். முதலில் செலுத்துவது வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க. பிறகு செலுத்துவது மருந்து மிச்சத்தைக் கழுவ. கையில் போட்ட கேனுலாவுக்கு 3 முதல் 5 மில்லி போதும். இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரைவரை போகும் சென்ட்ரல் லைனுக்கு 10. அதில் ரத்தம் எடுத்திருந்தால் 20. ஒரே சீராகத் தள்ளினால் குழாயின் நடுவில் நீர் வேகமாக ஓடும், சுவரை ஒட்டிய படலம் அசையாது. ஒவ்வொரு மில்லியாக நிறுத்தி நிறுத்தித் தள்ளினால் ஒட்டியதும் பெயரும்.

இவ்வளவு கழுவியும் கடைசி நொடியில் கோட்டை விடலாம். பிஸ்டன் முனையில் இருப்பது ரப்பர். அடிவரை அழுத்தினால் நசுங்கும். விரலை எடுத்ததும் விரிந்து, குழாயில் உள்ள நீரைத் துளி அளவு பின்னுக்கு இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப மறுமுனையில் ரத்தம் நுழைகிறது. தேங்கிய அந்தத் துளியில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழைகள் பின்னத் தொடங்கினால், அடுத்த டோஸுக்குள் முனையில் தக்கை தயார். அதனால்தான் கடைசி 0.5 முதல் 1 மில்லியைச் சிரிஞ்சிலேயே விட்டுவிடச் சொல்கிறார்கள்.

கழற்றும்போதும் இதே கதைதான். சிரிஞ்சின் மூக்கு வெளியே வந்ததும் சில கனெக்டர்களில் (சிரிஞ்சைப் பொருத்தும் குழாய் முனை) அது இருந்த இடம் காலியாகி ரத்தம் உள்ளே வரும். இவற்றில் தள்ளிக்கொண்டிருக்கும்போதே குழாயை இறுக்கி மூடும் கிளாம்பைப் போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் வகைக் கனெக்டரோ கழற்றும்போது தானே கொஞ்சம் நீரை முன்னே தள்ளும். அதற்கு முதலில் கழற்றி, பிறகு கிளாம்ப். வரிசை மாறினால் அதன் பயனே போச்சு. உறையில் எந்த வகை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழற்றும் பழக்கம் ஒழிய வேண்டும்.

மருந்தே படிவது வேறு கணக்கு. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர் ஓடிய லைனைக் கழுவாமல் வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் ஏற்றினாலும், செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் டிரிப்போடு கலந்தாலும் படிகங்கள் உருவாகலாம். சென்ட்ரல் லைனில் உறைந்த ரத்தத்தைக் கரைக்க விடும் 2 மில்லிகிராம் ஆல்டெப்ளேஸ் இவற்றை ஒன்றும் செய்யாது.

அடைத்த பிறகு சின்ன சிரிஞ்சை எடுத்து அழுத்துவதுதான் மிக மோசம். அதே விரல் பலத்துக்கு 1 மில்லி சிரிஞ்ச், 10 மில்லி சிரிஞ்சைவிடச் சுமார் 9 மடங்கு அழுத்தம் தரும். உறைகட்டி ரத்த ஓட்டத்தில் கலக்கலாம், குழாயே கிழியலாம். தடை தெரிந்தால் முதலில் கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, கை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் கையில் போட்ட கேனுலா வழிவிடவில்லை என்றால், எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுவதே சரி.