வேட்டை நாய்க்குட்டியைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்

நான் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் மினசோட்டா மாநிலத்தில், செப்டம்பர் பிறந்ததும் ஒரே குறையோடு இளம் லேப்ரடார்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கிவிடும். காட்டு வாத்து வேட்டைப் பருவம் இங்கே அந்த மாதக் கடைசியில் தொடங்குவது வழக்கம். வசந்த காலத்தில் வாங்கிய குட்டியை அதற்குள் எப்படியாவது தயார்செய்துவிட வேண்டும் என்று உரிமையாளர்கள் அவசரப்படுகிறார்கள். சென்ற வாரம் வந்தது ஏழெட்டு மாதமே ஆன கறுப்பு லேப்ரடார். எடை, பல், இதயம், மூட்டு எதிலும் குறை இல்லை. அடுத்த அறையில் உதவியாளரின் கை தவறி ஓர் எஃகுக் கிண்ணம் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே நாய் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துவிட்டது. வாலை அடிவயிற்றில் செருகிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, வாயோரம் எச்சில் வழிய அது நடுங்கியது; அது ஊர்ந்து போன வழியெல்லாம் பாதங்களின் ஈரத்தடம் பதிந்திருந்தது. நாய்க்கு உள்ளங்காலில்தான் வியர்க்கும் என்பதால், அந்த ஈரத்தைப் பார்த்தாலே பயத்தின் அளவு எங்களுக்குப் புரிந்துவிடும். "சத்தம் பழகட்டும் என்று சுடுதளத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டிப்போனேன் டாக்டர், போகப் போக மோசமாகிவிட்டது; பருவம் தொடங்குவதற்குள் ஏதாவது மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டார் அதன் உரிமையாளர்.

அப்படி ஒரு மாத்திரை இல்லை. பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் அவை மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டிய மறுபயிற்சிக்குத் துணை நிற்பவையே தவிர, அந்தப் பயிற்சிக்கு மாற்று அல்ல. மயக்க மருந்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் இறக்கினால் நாய் மூழ்கிச் சாகக்கூடும். முன்பெல்லாம் இதற்கென்று தாராளமாகக் கொடுக்கப்பட்ட அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து உடம்பை அடக்குமே ஒழிய பயத்தை அடக்காது. ஓட முடியாத நிலையில் நாய் அத்தனை சத்தத்தையும் உள்ளுக்குள் நடுங்கியபடியே கேட்டுக்கொண்டிருக்கும். எவராவது அதை வாங்கிக் கைவசம் வைத்திருந்தால் தயவுசெய்து வேட்டைக்கு முன் கொடுக்க வேண்டாம்.

இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இந்த நாய்களின் வேலை தமிழ் வாசகர்கள் பலருக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். வேட்டைக்காரர்கள் ஏரிக்கரையில் சம்புப் புல்லுக்கு நடுவே மறைப்பு கட்டி, நீரில் போலி வாத்துகளை மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். நாய் அவர்கள் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; சுடப்பட்ட வாத்து எங்கே விழுந்தது என்று பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஏவியதும் நீந்திப் போய்ப் பல் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். நாய் இல்லாவிட்டால் அடிபட்ட பறவைகளில் பல நாணலுக்குள் ஒளிந்து வீணாகச் செத்துப்போகும் என்பதால், இப்படிக் கவ்விக் கொண்டுவரும் நல்ல ரெட்ரீவர் நாய் ஒன்று உடன் இருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நீர்நாய்களிலிருந்து வந்த லேப்ரடாருக்கு நீரும் கவ்வும் ஆசையும் பிறப்பிலேயே உண்டு. இதை வைத்துத்தான் "வேட்டை நாய் ரத்தம், துப்பாக்கிக்குப் பயப்படாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கவ்விக் கொண்டுவரும் ஆசை பரம்பரையாக வரும். காதருகே வெடிக்கும் துப்பாக்கியைச் சகிக்கும் பழக்கம் எந்த நாய்க்கும் பிறப்பில் வருவதில்லை.

எனக்கு மிகுந்த ஆத்திரம் மூட்டும் நம்பிக்கை, சத்தத்தை நிறையக் கேட்டால் நாய் தானாகப் பழகிவிடும் என்பது. பழகும் என்பது உண்மைதான், ஆனால் எந்தச் சத்தத்துக்கு? நாய் கேட்டும் பெரிதாகப் பொருட்படுத்தாத அளவில் இருக்கும் சத்தத்துக்குத்தான் பழகும். வீட்டு மிக்சி, தெருவில் போகும் லாரி, மேலே பறக்கும் விமானம் ஆகியவற்றுக்குக் குட்டிகள் பழகுவது அப்படித்தான். முதல் தடவையே நடுங்க வைத்த சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால், ஒவ்வொரு தடவையும் பயம் கூடுமே தவிர குறையாது. பிறகு அது பரவவும் செய்யும். முதலில் துப்பாக்கிக்கு அஞ்சிய நாய், அடுத்துக் கார்க் கதவு அறையும் ஓசைக்கு அஞ்சும். பிறகு சுடுதளத்துக்குப் போகும் பாதையைப் பார்த்தே காரை விட்டு இறங்க மறுக்கும். கடைசியில் துப்பாக்கி உறையை அலமாரியிலிருந்து எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டு, தத்தளித்துக் கரையேறியதும் "பழகிவிட்டான்" என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சுடுதளத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நாய் சற்று நேரத்தில் அசையாமல் படுத்துவிட்டது, அமைதியாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்து உறைந்துபோவதை அமைதி என்று எண்ணாதீர்கள். ஒரு துண்டு இறைச்சியை அதன் மூக்கருகே நீட்டிப் பாருங்கள், வாங்காது. தீபாவளி இரவில் நாயை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வெடிச் சத்தத்துக்குப் "பழக்கும்" நம் ஊர்க்காரர்களும் செய்வது இதே தவறுதான்.

வேலைக்கு ஏற்ற வரிசை வேறு. துப்பாக்கிக்கு முன்னால் பறவை வர வேண்டும். குட்டி முதலில் வீட்டு நடைபாதையில் சுருட்டிய காலுறையைக் கவ்விக் கொண்டுவரும். பிறகு புல்வெளியில் துணி டம்மி (பறவைக்குப் பதிலாக வீசும் பயிற்சிப் பொருள்), அதன்பின் வாத்துச் சிறகு கட்டிய டம்மி, அதற்கும் பிறகு பறவை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்கு முதல் ஏழு மாதம் வரை ஈறு வலிக்கும் என்பதால், உறையவைத்த வாத்தை அந்தச் சமயத்தில் கவ்வக் கொடுக்காதீர்கள். கவ்வுவதே வலி என்று அது கற்றுக்கொள்ளும். பறவையைக் கண்டால் வேறெதுவும் நினைவில் நிற்காத அளவுக்கு ஆசை ஏறிய பிறகே சத்தத்தைத் தொட வேண்டும். உதவிக்கு ஒருவர் நூறு கஜத்துக்கு அப்பால் திறந்த வெளியில் நிற்கட்டும். அவர் குரல் கொடுத்துப் பறவையையோ டம்மியையோ வீச, நாய் அதை நோக்கிப் பாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும் நொடியில், குண்டில்லாமல் சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டா போட்ட சிறு கைத்துப்பாக்கி ஒரே ஒரு தடவை வெடிக்கட்டும். காது நிமிர்ந்து, வால் உயர்ந்து, வேகம் குறையாமல் ஓடினால் நல்லது. அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம். நாள்கள் போகப் போகத் தொலைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அது முடிந்ததும் தொலைவை மறுபடி கூட்டி 20 கேஜ் துப்பாக்கி, பின்னர் அதே முறையில் 12 கேஜ் என்று வர வேண்டும் (கேஜ் எண் குறையக் குறையக் குழல் பெரிது). ஓட்டத்தில் ஒரு தயக்கம், காது பின்னால் ஒட்டுவது, உங்களை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் முந்தைய தொலைவுக்குப் பின்வாங்குங்கள். கெட்டிக்கார உரிமையாளர் என்று நான் எண்ணுபவர்கள் எல்லோரும் இந்தச் சின்ன அடையாளங்களைப் பார்க்கத் தெரிந்தவர்கள். சாப்பாட்டு வேளையில் பாத்திரத்தைத் தட்டிப் பழக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. பயந்த குட்டி சாப்பாட்டையும் விட்டுவிடும்.

திறந்த வெளியில் ஒரு துப்பாக்கிக்குத் தயாரான நாய் மறைப்புக்குத் தயாராகிவிட்டது என்றும் பொருள் இல்லை. வாத்து வேட்டையில் ஒரு துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. அப்படியும் மூன்று பேர் சேர்ந்தால் சில நொடிகளில் ஒன்பது வெடி. 12 கேஜ் துப்பாக்கியின் வெடி 150 டெசிபலைத் தாண்டும். நாயைக் குழல் வாய்க்கு முன்புறமாக, மறைப்புக்கு வெளியே உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில், குழல் முனைக்குப் பின்னால் அது இருக்கட்டும். முதல் பருவத்தில் ஒரே ஒருவர் சுட, நீங்கள் துப்பாக்கி தொடாமல் நாயை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆறேழு வயதில் "விசிலை மதிப்பதில்லை, பிடிவாதம் பிடிக்கிறது" என்று அழைத்து வரப்படும் வேட்டை நாய்களில், உண்மையில் வெடிச் சத்தத்தால் காது மந்தமாகி, ஏவும் விசிலே காதில் விழாத நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிடிவாதத்துக்கு மருந்தாக மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையின் பொத்தானை அழுத்துவார்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடும் நாயைத் திருப்பவும் அதையே அழுத்துவார்கள். சத்தம் கேட்டது, கழுத்தில் வலித்தது என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும்; அதன்பின் எங்களால் மீட்கவே முடியாத அளவுக்குப் பயம் இறுகிவிடுகிறது. இதைச் செய்யாதீர்கள், எந்தப் பயிற்றுநர் சொன்னாலும் செய்யாதீர்கள். லேப்ரடார்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பரபரப்போடு பத்து நிமிடம் போல ஓடியதும் பின்னங்கால் தள்ளாடி விழுகிற பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். இன்று எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். அப்படி விழும் நாயைச் சோம்பேறி என்று எண்ணி எழுப்பி ஓட்டினால் இறந்துபோகவும் கூடும்.

நீரிலும் இதே அவசரம்தான். ஏரியில் பனி உருகி ஒரு மாதம் ஆகாத நிலையில் குட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு ஏன் நீரைக் கண்டு ஒதுங்குகிறது என்று கேட்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில், மெல்லச் சரியும் கரையில், நீங்களே முழங்கால் ஆழத்துக்கு இறங்கி முன்னால் நடங்கள். குட்டி பின்னால் வரும். ஆகஸ்டில் ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் அன்றைக்கு நீர்ப் பயிற்சியே வேண்டாம், அந்தப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொல்லும். அக்டோபர் கடைசியில் நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விடும். நாய்க்கு நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் அங்கி போடுங்கள், காத்திருக்கும் நேரத்தில் நீரில் நிற்க விடாமல் உலர்ந்த மேடை ஒன்றில் உட்கார வையுங்கள். நடுக்கம் நின்று நாய் மந்தமாகிவிட்டால் சூடேறிவிட்டது என்று எண்ணாதீர்கள். உடனே காருக்குக் கொண்டுபோய்த் துவட்டிப் போர்த்திவிட்டு எங்களை அழையுங்கள்.

ஏற்கெனவே பயந்துவிட்ட நாய் வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பருவத்தை விட்டுக்கொடுங்கள். துப்பாக்கியைக் கண்ணில் காட்டாமல், குளிர்காலம் முழுக்க டம்மியும் சிறகும் பறவையுமாக அதன் ஆசையை மட்டும் வளர்த்து, வசந்தத்தில் நூறு கஜத்துக்குப் பதில் முந்நூறு கஜத்தில் முதல் வெடியைத் தொடங்குங்கள். விலங்கு நடத்தை மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. சில நாய்கள் மறுபடி வேலைக்குத் திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. திரும்பாத நாயை விற்கவோ மறைப்புக்கு இழுத்துப் போகவோ வேண்டாம். வெடிச் சத்தமே இல்லாமல் டம்மியைக் கவ்விக் கொண்டுவரும் விளையாட்டை அது கடைசிவரை ஆசையோடு ஆடும்.